விமானி கேட்கவில்லை என்றால் எங்கே தேடுவது? மலையுச்சி வானொலி நிலையங்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

விமானிக்கும் தரைக்கும் இடையிலான பேச்சு பெரும்பாலும் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான வி.எச்.எஃப். (மிக உயர் அதிர்வெண்) மீடிறன்களில் நடைபெறுகிறது. இந்த அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டிலேயே செல்லும். மலைக்குப் பின்னால் வளைந்து போகமாட்டா. அன்டனாவின் உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால், அந்த அன்டனா எத்தனை கிலோமீற்றர் தூரம் வரை பார்க்கும் என்பது கிடைக்கும். 2,524 மீற்றர் உயரமான, இலங்கையின் பிதுருதலாகலை உச்சிக்கு இக்கணக்கைப் போட்டால் 207 கிலோமீற்றர் வருகிறது. கடற்கரையோரத்தில் 25 மீற்றர் கோபுரத்துக்கு வருவதோ 21 கிலோமீற்றருக்கும் குறைவு. வானொலிப் பெட்டிகளை மலைமேல் கொண்டுபோய் வைப்பதற்கு இதுவே காரணம். மலைமேல் வைப்பதால் வரும் தொல்லைகளுக்கும் இதுவே மூலம். விமானங்களை வழிநடத்திப் பேசுகிற கட்டுப்பாட்டாளர் கீழே ஒரு நகரத்தில் இருப்பார், அவருடைய குரலை ஒலிபரப்பும் பெட்டி மேலே மூடுபனிக்குள் இருக்கும், இரண்டுக்கும் நடுவில் மைக்ரோவேவ் இணைப்போ கண்ணாடியிழைக் கேபிளோ ஓடும். ஆகவே "கேட்கவில்லை" என்ற ஒரே முறைப்பாட்டுக்குப் பின்னால் மைக், இணைப்பு, ஒலிபரப்பி, அன்டனா, விமானத்திலுள்ள வானொலி என்று ஐந்து இடங்களாவது சந்தேகத்துக்கு உரியவை.

மலைநாட்டில் இதை அலட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது. 1974 டிசம்பர் 4 அன்று இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு கட்டுநாயக்காவில் இறங்கவிருந்த டிசி-8 விமானம், நோட்டன் பிரிட்ஜை அடுத்த ஏழு கன்னியர் மலையில் மோதி, அதிலிருந்த 191 பேரும் உயிரிழந்தார்கள். அன்று வானொலி பழுதாகவில்லை; தாம் எங்கே இருக்கிறோம் என்பதை விமானிகள் தவறாகக் கணித்துவிட்டார்கள். இருந்தாலும் அந்த மலைத்தொடரைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: கீழே இறங்கிக்கொண்டிருக்கும் ஒரு விமானத்தைத் திருத்துவதற்குத் தரையில் இருப்பவரிடம் குரலைத் தவிர வேறொன்றும் இல்லை.

கருவியில் கைவைப்பதற்கு முன்

முறைப்பாடு வந்தவுடன் திருப்புளியை எடுப்பவர் நல்ல தொழில்நுட்பவியலாளர் அல்லர். முதலில் கட்டுப்பாட்டாளர் மாற்று வானொலிக்கு மாறிவிட்டாரா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். போக்குவரத்து பாதுகாப்பான பாதைக்கு மாறும் வரை, சந்தேகத்துக்குரிய கருவியை நிறுத்துவதற்கு உங்களுக்கு உரிமை இல்லை. அரைகுறையாக வேலைசெய்யும் பெட்டிகூட அந்த நேரத்தில் ஒருவருக்கு உதவிக்கொண்டிருக்கலாம். பிறகு நான்கு கேள்விகளைக் கேட்டு நேரத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். யாருக்கு யாருடைய குரல் கேட்கவில்லை? ஒரு விமானத்துக்கா, எல்லா விமானங்களுக்குமா? ஒரு மீடிறனிலா, எல்லாவற்றிலுமா? கேட்காத விமானம் எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில் இருந்தது? நான்காவது கேள்வியைத்தான் பலர் கேட்பதில்லை. மலைநாட்டில் பாதிப் பதில் அதற்குள்தான் இருக்கிறது.

அறிகுறி: ஒரேயொரு விமானம் மட்டும் பதில் சொல்லவில்லை

மற்ற விமானங்கள் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தால் உங்கள் நிலையத்தில் பழுது இருப்பதற்கு வாய்ப்புக் குறைவு. விமானி மீடிறனைத் தவறாகத் திருப்பியிருக்கலாம், ஒலியளவைக் குறைத்திருக்கலாம், தான் கடந்துவந்த முந்திய வான்பரப்புப் பிரிவின் மீடிறனிலேயே தங்கியிருக்கலாம். முந்திய பிரிவைக் கேட்கச் சொல்லுங்கள், பக்கத்தில் பறக்கும் இன்னொரு விமானத்தின் மூலம் அழைக்கச் சொல்லுங்கள், 121.5 மெகாஹெர்ட்ஸ் அவசர மீடிறனிலும் அழைக்கச் சொல்லுங்கள். கேட்கிறது, பேசத்தான் முடியவில்லை என்ற நிலையில் விமானி இருக்கக்கூடும். அப்போது ரேடார் திரையில் தெரியும்படி அடையாளக் குறியைத் தட்டச் சொன்னாலோ, ஒரு பக்கம் திரும்பச் சொன்னாலோ, அவர் செய்வதைப் பார்த்தே கேட்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

தாழப் பறக்கும் ஹெலிகொப்டர்களும், காசல்ரீ நீர்த்தேக்கத்திலும் நுவரெலியா கிரகரி வாவியிலும் இறங்கும் கடல் விமானங்களும் வேறு வகை. சுற்றிலும் மலை நிற்கும் ஒரு பள்ளத்துக்குள் அவை இறங்கும்போது பேச்சு அறுந்துபோவது பழுது அன்று; அது மலையின் நிழல். இந்த நிழல் எங்கே, எந்த உயரத்துக்குக் கீழே தொடங்குகிறது என்பதை வரைபடத்தில் குறித்துச் சுவரில் மாட்டி வைத்திருக்கும் நிலையத்தில், ஒவ்வொரு முறையும் வீணாக ஒலிபரப்பியைக் கழற்றவேண்டியதில்லை. அதேவேளை நிழலுக்கு வெளியே தொடர்பு அறுந்தால் அதை உடனே பழுதாக எடுத்துக்கொள்ளவும் அந்த வரைபடமே ஆதாரம்.

விமானத்தின் வானொலியே செத்துவிட்டால் விமானி தன் பதிலளிப்பானில் (ரேடாருக்குத் தானாகப் பதில் அனுப்பும் கருவியில்) 7600 என்ற எண்ணை வைப்பார். பார்வை தெளிவாக இருந்தால் பார்வை தெளிவாக உள்ள வானிலையிலேயே தொடர்ந்து பறந்து, பொருத்தமான கிட்டிய விமான நிலையத்தில் இறங்கவேண்டும் என்பது சர்வதேச விதி. முகிலுக்குள் இருந்தால், கடைசியாகக் கொடுக்கப்பட்ட உயரத்தையும் வேகத்தையும், ரேடார் கண்காணிப்பு உள்ள வான்பரப்பில் 7 நிமிடங்களும், இல்லாத வான்பரப்பில் 20 நிமிடங்களும் பேணிவிட்டு, அதன்பின் பறப்புத் திட்டத்தின்படி செல்லவேண்டும். இந்த விதிக்குள் எங்களுக்காகவே எழுதியதுபோல ஒரு வரி உண்டு: அந்தப் பகுதியின் ஆகக்குறைந்த பறப்பு உயரம் கொடுக்கப்பட்ட உயரத்தைவிடக் கூடுதலாக இருந்தால், கூடுதலானதையே பிடிக்கவேண்டும். மலைக்குமேல் பறப்பவரின் உயிர் அந்த வரியில்தான் தொங்குகிறது. கோபுரத்துக்கு அருகே வந்துவிட்ட விமானத்துக்கு ஒளி விளக்கால் பேசலாம்; விடாமல் எரியும் பச்சை என்றால் இறங்கலாம், விடாமல் எரியும் சிவப்பு என்றால் மற்றவருக்கு வழிவிட்டுச் சுற்றவேண்டும், விட்டுவிட்டு மின்னும் சிவப்பு என்றால் நிலையம் பாதுகாப்பற்றது, இறங்கக்கூடாது. பகலில் விமானி இறக்கையை ஆட்டிப் பதில் சொல்வார். அந்த விளக்கை யாரும் ஆண்டுக்கணக்கில் தொடாமல் இருப்பது வழக்கம் என்பதால், வேறு வேலையாகக் கோபுரத்துக்குப் போகும்போது அதையும் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள்.

அறிகுறி: எங்களுக்கு எல்லோரும் கேட்கிறார்கள், எங்களை ஒருவரும் கேட்கவில்லை

ஆபத்தில் இதை முதலிடத்தில் வைப்பேன். முழு மௌனம் என்றால் உடனே தெரிந்துவிடும். இங்கே விமானிகள் பேசுவது தெளிவாகக் கேட்பதால், கட்டுப்பாட்டாளர் தன் கட்டளை போய்ச் சேரவில்லை என்பதை உணர ஒன்றிரண்டு நிமிடங்கள் எடுக்கும். அதற்குமேல் இன்னொரு ஏமாற்று இருக்கிறது. பேசும்போது தலைக்கருவியில் திரும்பிக் கேட்கும் சொந்தக் குரலைச் சில முறைமைகள் மேசையிலிருந்தே எடுத்துக் கொடுக்கின்றன. வேறு சில, மலையுச்சி வானொலி வாங்கி காற்றிலிருந்து பிடித்த குரலைத் திருப்பி அனுப்புகின்றன. முதல்வகையில் ஒலிபரப்பி இறந்து கிடந்தாலும் தன் குரல் காதில் அழகாகக் கேட்கும். உங்கள் நிலையத்தில் எந்த வகை என்று தெரியாவிட்டால் இன்றே தெரிந்துகொள்ளுங்கள்.

தேடும் ஒழுங்கு இது. முதன்மை ஒலிபரப்பியிலிருந்து மாற்று ஒலிபரப்பிக்கு மாற்றுங்கள். குரல் போனால் பழுது முதன்மைப் பெட்டிக்குள் இருக்கிறது. அதை ஆறுதலாகப் பார்க்கலாம். இரண்டிலும் போகவில்லை என்றால் இரண்டுக்கும் பொதுவானவற்றைத்தான் பார்க்கவேண்டும்: பேச்சுப் பொத்தானின் கட்டளையைக் கொண்டுபோகும் இணைப்பு, அன்டனாவை மாற்றும் ரிலே, கேபிள், அன்டனா. கட்டுப்பாட்டாளர் பொத்தானை அழுத்தும்போது மேலே ஒலிபரப்பியின் விளக்கு எரிகிறதா என்று தொலைபேசியில் கேளுங்கள். எரியாவிட்டால் இணைப்பு. எரிந்தால் வாட்மானியைப் பாருங்கள். 50 வாட் வெளியே போய் 2 வாட் திரும்பினால் நிற்கும் அலை விகிதம் (அன்டனாப் பக்கம் எவ்வளவு பொருந்துகிறது என்பதன் அளவு; 1 ஆக இருப்பதே சிறப்பு) 1.5, கவலையில்லை. திரும்புவது 12.5 வாட் ஆனால் விகிதம் 3 ஆகிவிடும்; பெட்டி தன்னைக் காத்துக்கொள்ள வலுவைக் குறைத்துவிடும், அல்லது நின்றுவிடும்.

நான் பொறுப்பிலிருந்த மலையுச்சி நிலையம் ஒன்றில் இது ஒரு ஐப்பசி மாதத்தில் வந்தது. பிற்பகலில் கீழேயிருந்து தொலைபேசி வரும்: "அண்ணே, எனக்கு எல்லாரையும் கேக்குது, எனக்குத்தான் ஒருத்தரும் பதில் சொல்றாங்க இல்ல." மறுநாள் காலை ஏறிப்போய் அளந்தால் எல்லாம் சரியாக இருக்கும். மூன்று நாட்கள் இப்படியே போயின. ஒலிபரப்பியின் வலுப்பெருக்கியை மாற்றியும் பயனில்லை. கடைசியில் பழுதைக் கண்டுபிடித்தவர், கீழ்த் தோட்டத்து லயத்திலிருந்து இராக் காவலுக்கு வரும் பெரியவர். "தம்பி, மழ பேஞ்சு ஒரு மணித்தியாலத்துக்குப் பொறவுதான் அந்தச் செவப்பு லைட்டு எரியுது" என்றார், ஒலிபரப்பியின் பழுது விளக்கைக் காட்டி. அன்று மழை விட்டவுடன் கோபுரத்தில் ஏறி, அன்டனாவின் அடியில் உள்ள இணைப்பியைச் சுற்றியிருந்த கறுப்பு நாடாவை வெட்டினோம். நாடாவின் மேல் விளிம்பு வெயிலில் வெடித்துத் திறந்திருந்தது. இணைப்பியைத் திருகிக் கழற்றியதும் என் உள்ளங்கையில் அரைத் தேக்கரண்டி தண்ணீர் விழுந்தது; உள்ளேயிருந்த செப்புப் பின்னல் தேயிலைக் கொழுந்தின் நிறத்துக்குப் பச்சை பிடித்திருந்தது. இரவில் காற்று அடித்துக் காய்ந்துவிடுவதால் காலையில் அளவீடு சுத்தமாக வந்திருக்கிறது. அதன்பின் நான் இரண்டு பழக்கங்களை விட்டதில்லை. நாடாவைக் கீழிருந்து மேலாகச் சுற்றுவேன், ஓடு வேய்வதுபோல ஒவ்வொரு சுற்றும் கீழ்ச்சுற்றின்மேல் படியும்படி. கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுவேன், தண்ணீர் அங்கே சொட்டிப்போகட்டும் என்று. திரும்பும் வலுவை மழைக்கு முன்னும் பின்னும் அளந்து எழுதினால் அந்த மூன்று நாட்கள் உங்களுக்கு மிச்சம்.

அறிகுறி: அவர்களுக்கு நாங்கள் கேட்கிறோம், எங்களுக்கு அவர்கள் கேட்கவில்லை

வானொலி வாங்கியின் இரைச்சல் அடைப்பு (பலவீனமான ஒலியை அடைத்து, பேச்சு வரும்போது மட்டும் திறக்கும் ஏற்பாடு) அளவுக்கு மிஞ்சி ஏற்றப்பட்டிருப்பதே அடிக்கடி காணும் காரணம். யாரோ ஒருவர் இரைச்சல் தாங்காமல் திருகியிருப்பார். கிட்டத்தில் உள்ள விமானம் கேட்கும், தொலைவில் உள்ளது வெட்டுப்பட்டுப்போகும். அடைப்பை முழுவதும் திறந்து வெறும் இரைச்சல் வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் இணைப்பு நன்றாக இருக்கிறது. அன்டனாவைக் கழற்றி மாட்டும்போது இரைச்சல் சிறிதும் மாறாவிட்டால் அன்டனாப் பக்கம் போங்கள்.

அறிகுறி: மீடிறன் முழுவதும் ஒரே இரைச்சலாக அடைபட்டிருக்கிறது

ஒருவருடைய பேச்சுப் பொத்தான் அழுந்தியபடி சிக்கிக்கொண்டால், அந்த மீடிறனில் வேறு எவரும் பேச முடியாது. விமான வானொலி வீச்சுப் பண்பேற்றத்தை (ஏ.எம்.) பயன்படுத்துவதால் ஒரே நேரத்தில் இருவர் பேசும்போது கீச்சென்ற ஒலி எழும். பண்பலை (எஃப்.எம்.) என்றால் வலுவான குரல் மற்றதை விழுங்கிவிடும், மோதல் நடந்ததே தெரியாது. கீச்சொலி கேட்டால் யாரோ இருவர் மோதியிருக்கிறார்கள் என்றாவது புரியும். ஆனால் என்ன சொன்னார்கள் என்பது போய்விடும். 1977 மார்ச் 27 அன்று தெனரீஃப் தீவில் 583 பேரைக் கொன்ற ஓடுபாதை மோதலில், கோபுரத்தின் வார்த்தையும் மற்ற விமானத்தின் எச்சரிக்கையும் ஒரே கணத்தில் ஒலிபரப்பாகி அப்படியொரு கீச்சொலியாகத்தான் ஓடத் தொடங்கியிருந்த விமானத்துக்குக் கேட்டன.

முதலில் உங்கள் வீட்டைப் பாருங்கள். பேச்சுப் பொத்தானாகப் பயன்படும் கட்டுப்பாட்டாளரின் கால் மிதியில் நாற்காலியின் சில்லு ஏறி நிற்பதை நானே இருமுறை கண்டிருக்கிறேன். எல்லா மேசைகளிலும் மைக் இணைப்பை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தும் இரைச்சல் நிற்காவிட்டால் அது வெளியிலிருந்து வருகிறது. வெவ்வேறு மலைகளில் உங்களுக்கு வானொலி வாங்கிகள் இருந்தால் எதில் வலுவாகக் கேட்கிறது என்று ஒப்பிடுங்கள். எந்தப் பக்கத்து விமானம் என்பதைக் குறுக்கிவிடலாம். அதற்குள் கட்டுப்பாட்டாளர் மற்றவர்களை மாற்று மீடிறனுக்கு அனுப்பியிருக்கவேண்டும். சிக்கிய பொத்தானுக்குரியவருக்கு மட்டும் அந்தச் செய்தி கேட்காது என்பதை மறந்துவிடக்கூடாது.

அறிகுறி: விமானியின் குரலுக்குப் பின்னால் பாட்டுக் கேட்கிறது

சிரிப்பாக இருக்கும், சிரிப்பதற்கு உரியதன்று. பண்பலை வானொலிகள் 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை ஒலிபரப்புகின்றன. நல்ல உச்சி என்றால் எல்லோருக்கும் நல்ல உச்சி என்பதால், பல கிலோவாட் வலுவுள்ள பண்பலை அன்டனாக்கள் நிலையத்தின் வானொலி வாங்கிக்குப் பக்கத்திலேயே நிற்கும். இரண்டு வலுவான அலைகள் ஒரு தவறான இடத்தில் கலந்தால் மூன்றாவது அலை பிறக்கும். உதாரணத்துக்கு 107.5 ஐ இரட்டித்து 96 ஐக் கழித்தால் 119 வருகிறது. அது விமான மீடிறன். மலையில் உள்ள உண்மையான மீடிறன்களை ஒரு தாளில் எழுதி, இப்படி எல்லாச் சோடிகளையும் கணக்குப் பார்த்தால் குற்றவாளி இருவர் யார் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கலக்கும் இடம் எங்கே என்பது அடுத்த கேள்வி. வானொலி வாங்கியின் முன்னால் வடிகட்டியொன்றைப் பூட்டியதும் பாட்டு நின்றால், அது பெட்டிக்குள் கலந்தது. நிற்காவிட்டால் வெளியே பாருங்கள்: துருப்பிடித்த ஆணி, தளர்ந்த கம்பி, கூரைத் தகடு ஒன்றோடொன்று உரசும் இடம். துருப்பிடித்த மூட்டு இருமுனையம்போல (டயோட்) நடந்துகொண்டு அலைகளைக் கலந்துவிடும், ஈரமும் வெயிலும் மாறமாற அதன் குணமும் மாறும். பாட்டு வரும் நேரத்தில், உரிய பாதுகாப்பு ஒழுங்குகளோடு, கோபுரத்தின் தளர்ந்த பாகங்களைக் காய்ந்த மரத்தடியால் தட்டிப் பாருங்கள். பாட்டு விட்டுவிட்டு வந்தால் இடம் அகப்பட்டுவிட்டது. தரையில் எதுவும் கேட்காமல் விமானத்தில் மட்டும் பாட்டுக் கேட்கிறது என்று விமானி சொன்னால், அதை உங்களால் மட்டும் தீர்க்க முடியாது; நேரம், உயரம், இடம் மூன்றையும் எழுதி மீடிறன் ஒழுங்குபடுத்தும் அதிகாரிகளுக்கு அனுப்பவேண்டும்.

அறிகுறி: எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுவிட்டது

எல்லா மீடிறன்களும் சேர்ந்து நின்றால் வானொலிப் பெட்டிகளைத் தேடாதீர்கள். மின்சாரம், இணைப்பு, குரல் மாற்றி (மேசைகளை வானொலிகளோடு இணைக்கும் முறைமை) என்ற மூன்றில் ஒன்று. மலைநாட்டில் பங்குனி சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் பிற்பகல் இடி வந்தால், என் சந்தேகம் முதலில் மின்சாரத்துக்கே போகும். மின்பிறப்பாக்கி இயங்காததற்கு எஞ்சின் காரணமாக இருப்பது அரிது. அதைத் தொடக்கும் பற்றரி குளிரிலும் கவனிப்பின்மையிலும் செத்திருக்கும். யூ.பி.எஸ். பற்றரிகளை வெறும் வோல்ட்மானியால் அளந்து நல்லது என்று எழுதுவது தன்னைத்தானே ஏமாற்றுவது. சுமையோடு ஓடவிட்டு எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பார்க்கவேண்டும். பாறைமேல் நிற்கும் நிலையத்தின் நிலத்தொடுப்புத் தடையை (எர்த்) வரண்ட மாதத்தில் அளவிடுங்கள். மழைக்காலத்தில் எல்லாப் பாறையும் நல்லதாகத்தான் காட்டும்.

மின்சாரம் இருக்கிறது, ஆனாலும் எல்லாம் மௌனம் என்றால் மென்பொருளையும் தொலைத்தொடர்பு வழியையும் சந்தேகிக்கவேண்டும். 2004 செப்டம்பர் 14 அன்று லொஸ் ஏஞ்சலஸ் வான்பரப்பைக் கவனிக்கும் நிலையத்தில் குரல் தொடர்பு ஏறத்தாழ மூன்று மணித்தியாலங்கள் அற்றுப்போனது. மில்லிசெக்கன்களை எண்ணும் ஓர் எண்ணி 49.7 நாட்களில் நிரம்பிவிடும் என்பதால் 30 நாட்களுக்கு ஒருமுறை கணினியை மறுபடி தொடக்கவேண்டும் என்று ஒழுங்கு இருந்தது. ஒருமுறை அது தவறியது. மாற்று முறைமையும் சற்று நேரத்திலேயே விழுந்தது. 2025 ஏப்ரல் 28 அன்று அமெரிக்காவின் நியூவார்க் விமான நிலையத்துக்கு விமானங்களை வழிநடத்துவோர், தொலைத்தொடர்பு வழி அறுந்ததால் ரேடாரையும் வானொலியையும் ஏறத்தாழ 90 விநாடிகள் இழந்தார்கள். எங்கள் மலைகளில் முதன்மை இணைப்பும் மாற்று இணைப்பும் ஒரே வீதியோரக் கம்பத்தில் போவது உண்டு; ஒரு மண்சரிவு இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். வரைபடத்தில் இரண்டு கோடுகள் இருப்பதைப் பார்த்துத் திருப்திப்படாமல், அந்தப் பாதையில் ஒருமுறை நடந்து பாருங்கள்.

அறிகுறி: வானொலி நன்று, நிலையங்களுக்கிடையிலான தொலைபேசி இல்லை

விமானத்தோடு பேசலாம் என்பதால் இதை இரண்டாந்தரப் பழுதாக வைத்துவிடுகிறார்கள். 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் ஊபர்லிங்கன் நகருக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதி 71 பேர் இறந்தார்கள். அன்றிரவு சூரிச் நிலையத்தில் பராமரிப்புக்காக முதன்மைத் தொலைபேசி நிறுத்தப்பட்டிருந்தது, மாற்றுத் தொலைபேசியும் பழுது. ஆபத்தைத் திரையில் கண்ட பக்கத்து நிலையத்தார் திரும்பத் திரும்ப அழைத்தும் இணைப்புக் கிடைக்கவில்லை. ஆகவே மாற்றுத் தொலைபேசியிலிருந்து பக்கத்து நிலையத்தை அழைத்து, அவர்களையும் திருப்பி அழைக்கச் சொல்லிப் பார்த்த பிறகே முதன்மைத் தொலைபேசியை நிறுத்துங்கள்.

திரும்பச் சேவையில் விடுதல்

பழுதை நீக்கிவிட்டோம் என்று முற்றத்தில் நின்று கைவானொலியில் "ரேடியோ செக்" சொல்லி, ஐந்துக்கு ஐந்து (மிகத் தெளிவாகக் கேட்கிறது என்ற பதில்) கிடைத்ததும் கையெழுத்துப் போடக்கூடாது. கோபுரத்தடியில் அன்டனா இல்லாத பெட்டியும் ஐந்து காட்டும். கட்டுப்பாட்டாளரின் சம்மதத்தோடு, தொலைவில் பறக்கும் ஒரு விமானத்திடம் கேட்கச் சொல்லுங்கள். முடிந்தால் இன்னொன்றை மலைத்தொடரின் மறுபக்கத்தில் தேர்ந்தெடுங்கள். முதன்மையில் ஒருமுறை, மாற்றில் ஒருமுறை. குறிப்புப் புத்தகத்தில் நேரம், மீடிறன், வெளிச்சென்ற வலு, திரும்பிய வலு, எந்தத் திசையில் எவ்வளவு உயரத்தில் இருந்த விமானி எந்த எண்ணைச் சொன்னார் என்பவற்றோடு, அந்நேரம் உச்சியில் மழையா வெயிலா என்பதையும் எழுதுங்கள்.